காந்தள் கிழங்கா, அல்லிக் கிழங்கா? டெல்டா நர்சரிகளில் எதை வாங்கலாம்

செங்காந்தள் கிழங்குக்கு முளை நுனியில் மட்டும்தான். நுனி உடைந்தது எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. விற்பனைக்கு வருவதில் இதுதான் பெரிய குறை. 50 கிராமுக்குக் குறையாததாகப் பார்த்து வாங்கி, ஆடியில் 3 அங்குல ஆழத்தில் படுக்கவைத்து நடவும். காவிரி வண்டலில் நீர் தேங்கினால் அழுகிவிடும், பாதிக்குப் பாதி மணல் கட்டாயம். கிழங்கு கொடிய நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

நீல அல்லிக்கு நீர் தேங்கும் அதே வண்டல்தான் சுகம். குருத்து வெளியே தெரிய நட்டு, மேலே அரை அடி நீர், நல்ல வெயில். டெல்டாவுக்கு இதுவே என் முதல் தேர்வு.

அழியும் அபாயத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் இரண்டுமே அபாயம் குறைந்த இனங்கள். ஆனாலும் மருந்துக்காகக் காட்டுக் காந்தளைத் தோண்டுகிறார்கள். அல்லிக் குளங்களை ஆகாயத்தாமரை மூடுகிறது. தோட்டத்தில் பெருக்கிய கிழங்கா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் வாங்குங்கள்.