காம்ஏர் வீழ்ச்சியைச் சாக்காக வைத்துப் பணம் சுருட்டிய முகவர்

ஜோகன்னஸ்பர்க்கில் பயணச்சீட்டு முகவர் ஒருவரிடம் நாங்கள் குடும்பமாகப் பணத்தை இழந்தோம். அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அதே தந்திரம் இன்னும் நடப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்வதால், அது நடந்த விதத்தை எழுதுகிறேன்.

2022 ஜூனில் டர்பன் செல்ல நாங்கள் கேட்டது காம்ஏர் இயக்கிய விமானத்தில் இடம். விமானத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயர் இருந்தாலும், உரிம ஒப்பந்தத்தின்பேரில் அதை ஓட்டியது தென்னாப்பிரிக்கத் தனியார் நிறுவனமான காம்ஏர்தான். 1946இல் பறக்கத் தொடங்கி, 2001இல் குலுலா என்ற மலிவுக் கட்டணச் சேவையையும் கொண்டுவந்து, பல பத்தாண்டுகள் இலாபத்தில் நடந்த நிறுவனம் அது. ஆனால், முறையற்ற போட்டி வழக்கில் காம்ஏருக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்ட அரசு விமான நிறுவனமான சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸே 2019 டிசம்பரில் நொடித்துப்போனது. அதே ஆண்டு காம்ஏர் வாங்கிய போயிங் 737 மேக்ஸ் விமானம் சில வாரங்களில் பறக்கத் தடை செய்யப்பட்டது. அடுத்து வந்த கொரோனா, 2020 மே மாதத்தில் காம்ஏரையும் நொடிக்கும் நிறுவனங்களுக்கான சட்டபூர்வ மீட்பு நடவடிக்கைக்குள் தள்ளியது. மீண்டும் பறந்தும் முதலீடு கிடைக்காமல், 2022 மே 31 இரவு சேவையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஜூன் 9இல் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றத்தை நாடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் பிழைப்பு போயிற்று என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கிரெடிட் கார்டு வேண்டாம், வங்கிக் கணக்கில் நேராகப் போட்டால் தள்ளுபடி என்று முகவர் முன்பே சொல்லியிருந்தார். நிறுவனம் மூடியதும், “பணம் அவர்களிடம் போய்விட்டது, கலைப்பு அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும்” என்றார். அதற்கான மனுவை நிரப்பித் தரத் தனிக் கட்டணமும் கேட்டார். அவர் அனுப்பிய தாளை அப்போது உற்றுப் பார்த்தால், ஆறெழுத்து முன்பதிவுக் குறியீடு மட்டுமே இருந்தது. பணம் கட்டி வழங்கப்பட்ட சீட்டுக்குரிய பதின்மூன்று இலக்க எண் எங்குமே இல்லை. அதாவது, இடத்தைப் பிடித்து வைத்தாரே தவிர, சீட்டை வாங்கவே இல்லை. இதைக் கேட்ட பிறகு அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

உண்மையாகவே சீட்டு வாங்கியவர்களும் கடன்காரர் வரிசையில் வங்கிகளுக்குப் பின்னால்தான் நின்றார்கள். கார்டில் கட்டியவர்களுக்கோ, கிடைக்காத சேவைக்கான தொகையைத் திரும்பக் கேட்டு வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்தது. அந்த முகவரின் தள்ளுபடி அடைத்தது அந்த வழியைத்தான். ஆகவே முகவர் மூலம் வாங்குவோர் கார்டிலேயே கட்டுங்கள். பதின்மூன்று இலக்க எண்ணை அன்றைக்கே கேட்டு வாங்கி, பயணத்தை இயக்கும் நிறுவனத்திடமே அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.