சேலத்துப் பட்டறையில் செய்து வாங்கிய பாலே பார் (பயிற்சிக் கம்பி)

என் பையனுக்கு வயது 16. பாலே என்கிற மேற்கத்திய நடனத்தையே தொழிலாக எடுக்கப்போகிறேன் என்கிறான். சனி, ஞாயிறு பெங்களூரில் வகுப்பு, மற்ற நாளெல்லாம் வீட்டில்தான் பயிற்சி. இவ்வளவு நாளும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்தான். சுவரில் துளை போட வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று, பயிற்சியின்போது பிடித்துக்கொள்கிற கம்பியை, அதாவது 'பார்' ஒன்றை, தனியாக நிற்கிற மாதிரி ஐந்து ரோடு பக்கம் ஒரு கிரில் பட்டறையில் செய்யக் கொடுத்தோம்.

பட்டறை அண்ணன் பாலே பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "தம்பி இதைப் புடிச்சு இழுப்பாருங்களா, சாய்வாருங்களா, இல்ல தொங்குவாருங்களாம்மா?" பையனே பதில் சொன்னான்: கை சும்மா மேலே பட்டிருக்கும், இழுக்கக் கூடாது, ஆனால் ஸ்ட்ரெட்ச் பண்ணும்போது காலைத் தூக்கி மேலே வைப்பேன். உடனே அங்கே கிடந்த குழாயை இரண்டு ஸ்டூல்மேல் வைத்து, செய்து காட்டச் சொன்னார். எடை எங்கே இறங்குகிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்டாண்டின் அடிக்கால் நீளத்தை முடிவு செய்தார்.

ஸ்டாண்ட் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மேலே ஆறடி நீளத்துக்குக் கடைசல் பிடித்த தேக்குக் கட்டை, ஒன்றரை அங்குல கனம். முழுக்க ஸ்டீலிலேயே போட்டுவிடலாம் என்றார் அவர். வியர்த்த கை ஸ்டீலில் வழுக்கும் என்று நாங்கள்தான் மரம் கேட்டோம். வளர்கிற பையன் என்பதால் போல்ட்டைக் கழற்றி ஏற்றி இறக்கும்படி 36 முதல் 46 அங்குலம் வரை ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

இதற்குப் போய் இவ்வளவு செலவா என்று சொந்தத்தில் கேட்டார்கள். பெரிய பாலே கம்பெனிகளில் (நடனக் குழுக்களில்) முதன்மை நடனக்காரர்களும் தினமும் காலை வகுப்பை இதைப் பிடித்துத்தான் தொடங்குகிறார்கள். பாரிஸ் ஓப்பரா பாலேயில் 42 வயதில் ஓய்வு. அதுவரைக்கும் இதே பிளியே (முழங்காலை மடக்குவது), இதே தாந்துதான் (பாதத்தைத் தரையோடு தேய்த்து நீட்டுவது). ஆண்களுக்குப் பெரிய குதிப்புகளோடு, கூட ஆடுகிற பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குகிற வேலையும் உண்டு. அதற்கான பாதமும் முதுகும் பாரில்தான் உருவாகத் தொடங்குகின்றன. பெரும்பாலும் பத்து வயது வாக்கில் ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் பேர்பெற்ற பாலே நடனக்காரர் ருடால்ஃப் நூரியெவ் 1955-ல் ரஷ்யாவின் லெனின்கிராட் பாலே பள்ளியில் சேர்ந்தபோது வயது 17. மூன்றே வருடத்தில் அந்த ஊரின் பெரிய பாலே குழுவான கீரோவ் கம்பெனிக்குப் போய்விட்டார். என் பையனுக்கு இதுதான் தெம்பு.

மும்பையிலிருந்து 2017-ல் லண்டன் ராயல் பாலே ஸ்கூலுக்குப் போன அமீருத்தீன் ஷாவின் அப்பா வெல்டிங் தொழிலாளி. அதைச் சொன்னபோது பட்டறை அண்ணன் முகத்தட்டியைத் தூக்கிவிட்டு, "எங்க, இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். அருகில் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்த பையனையும் நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னார்.

குறையும் சொல்ல வேண்டும். கிராண்ட் பத்மான் என்கிற பயிற்சியில் காலை வேகமாக வீசும்போது ஆரம்பத்தில் ஸ்டாண்ட் ஆடியது. போன் செய்ததும் வீட்டுக்கே வந்து பார்த்து, அடியில் கனமான பிளேட் சேர்த்துக் கொடுத்தார், தனியாகக் காசு வாங்கவில்லை. அடியில் போட்ட ரப்பர் புஷ் மட்டமான சரக்கு; டைல்ஸில் கறுப்புக் கோடு விழுந்தது, நாங்களே வேறு வாங்கி மாட்டினோம். போல்ட் பக்கம் வெல்டிங் பிசிறு விரலைக் கீறியது. வாங்கும்போதே தடவிப் பார்த்து, அரம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் முக்கியமானது ஒன்று. பார் வந்துவிட்டது என்று வீட்டுத் தரையில் குதிக்க விடாதீர்கள். நடனக் கூடத்துத் தரைக்கு அடியில் நெகிழ்வு கொடுத்திருப்பார்கள். காங்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸில் அது கிடையாது. கணைக்கால் எலும்பும் முழங்காலும்தான் அடி வாங்கும். குதிப்பெல்லாம் எங்களுக்குப் பெங்களூர் வகுப்பில் மட்டும்.

மரத்தோடு சேர்த்து 6,500 ரூபாய் ஆனது. பாதி முன்பணம். தீபாவளி, பொங்கல் நேரத்தில் கேட் வேலை குவிந்திருக்கும், அப்போது கொடுத்தால் இழுக்கும். குட்டி யானை வாடகை நம்முடையது.