ரூட் கேனாலுக்குப் பிறகு: கேப் போடுவதா, ஃபில்லிங்கோடு நிறுத்துவதா?

ரூட் கேனால் முடிந்து வலி அடங்கியதும் டாக்டர் "கேப் போட்டுடுங்க" என்பார். ஏற்கெனவே ஒரு தொகை கட்டியிருப்போம், இப்போது அதே அளவோ அதற்கு மேலோ இன்னொன்று. உண்மையிலேயே தேவைதானா, இல்லை பில்லை ஏற்றுகிறார்களா என்ற சந்தேகம் வராதவர்கள் குறைவு. எனக்கும் வந்தது. விசாரித்துப் பார்த்துவிட்டு என் கீழ்வரிசை முதல் கடைவாய்ப்பல்லுக்கு ஸிர்கோனியா (கெட்டியான வெள்ளைச் செராமிக்) கேப் போட்டுக்கொண்டேன். அதே சமயத்தில் முன்கடைவாய்ப்பல்லில் (கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் இருப்பது) ரூட் கேனால் செய்த என் தங்கை ஃபில்லிங் போதும் என்று நிறுத்திவிட்டாள். இருவர் முடிவும் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கடைவாய்ப்பல் என்றால் என் ஓட்டு கேப்புக்கே.

எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பல்லில் சொத்தை சிறியதாக இருந்து, உட்புறத்து ஓட்டை வழியாக மட்டும் சிகிச்சை நடந்திருந்தால், பெரும்பாலும் நல்ல ஃபில்லிங்கே போதும். அந்தப் பற்கள் கடித்து வெட்டும், அரைப்பதில்லை. நிறம் கறுத்துவிட்டது என்றால் பல்லுக்கு உள்ளிருந்தே வெளுக்க வைக்கும் சிகிச்சை இருக்கிறது. முன்பல்லில் எனக்கு அனுபவம் இல்லாததால் இதற்கு மேல் போகவில்லை.

கடைவாய்ப்பல் கதை வேறு. நரம்பை எடுத்த பல் காய்ந்து நொறுங்கிவிடும், அதனால்தான் கேப் என்று பரவலாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. 1989ல் வெளியான ஓர் ஆய்வக ஆய்வில், பிடுங்கிய முன்கடைவாய்ப்பற்களில் ஒவ்வொரு கட்டமாகக் குடைந்து, பல்லின் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். ரூட் கேனால் வேலையால் மட்டும் குறைந்தது சுமார் 5 சதவீதம். மேல்பரப்பில் குழி தோண்டினால் 20 சதவீதம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டு ஓரச் சுவர்களும் போய்விட்டால் 63 சதவீதம்! ஆக, பல்லைப் பலவீனமாக்குவது நரம்பு போனது அல்ல, சுவர் போனதுதான். ரூட் கேனால் வரைக்கும் வந்த பல்லில் சொத்தையும் பழைய ஃபில்லிங்கும் சேர்ந்து அந்தச் சுவர்களை முன்பே தின்றிருக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்ததும் இதுதான். சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு டாக்டர் கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பின்பக்கச் சுவர் சுத்தமாக இல்லை. நாக்குப் பக்கம் ஒரு சுவர் நின்றது, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் அதிகம். கன்னத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் தேறும். நடுவில் கட்டா பெர்ச்சா (வேருக்குள் அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) அடைத்த இடம் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இதை வெள்ளை ஃபில்லிங்கால் நிரப்பிவிட முடியும், பார்க்கவும் முழுப் பல்லாகவே இருக்கும். ஆனால் கடிக்கும்போது எதிர்ப்பல்லின் மேடு இந்தப் பல்லின் நடுக்குழியில் வந்து இறங்கும். விறகில் ஆப்பு இறங்குகிற மாதிரி, இரண்டு பக்கச் சுவர்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். ஃபில்லிங் இடைவெளியை நிரப்பும், சுவர்களை ஓரளவுக்குத்தான் சேர்த்துப் பிடிக்கும். கேப் வெளியிலிருந்து சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.

பல் உடையுமா என்பதைவிட, உடைந்தால் எப்படி உடையும் என்பதே கேள்வி. ஒரு மூலை ஈறுக்கு மேலேயே சில்லுப் போனால் ஒன்றும் குடிமுழுகவில்லை, அப்போதுகூட கேப் போட்டுக்கொள்ளலாம். விரிசல் ஈறுக்குக் கீழே இறங்கி வேரைப் பிளந்துவிட்டால் ஒட்டவைக்க வழியில்லை, பிடுங்குவதுதான். நரம்பு இல்லாததால் சூடோ குளிர்ச்சியோ பட்டு முன்கூட்டியே எச்சரிக்கையும் வராது. ஒரு சீடையோ, சோற்றில் கிடக்கும் கல்லோ போதும். பிடுங்கிவிட்டால் அப்புறம் எலும்பில் திருகு பதித்துப் பல் வைக்கும் இம்ப்ளான்ட், அல்லது பக்கத்து நல்ல பற்கள் இரண்டைச் செதுக்கிப் பிரிட்ஜ். திருச்சியில் நான் விசாரித்த இடங்களில் ஸிர்கோனியா கேப் எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை சொன்னார்கள். இம்ப்ளான்ட் கேப்போடு சேர்த்து முப்பதாயிரத்துக்குக் கீழே யாரும் பேசவே இல்லை. ரூட் கேனாலுக்குக் கொடுத்த காசும் அந்தப் பல்லோடு போய்விடும்.

ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 2002ல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து வந்த ஆய்வில், கேப் போடாத ரூட் கேனால் பற்கள் கேப் போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் பறிபோயின. 2005ல் தாய்லாந்தில் கேப் இல்லாத கடைவாய்ப்பற்களை மட்டும் பார்த்தார்கள். முதல் வருடம் 96 சதவீதம் தாக்குப்பிடித்தன, இரண்டாம் வருடம் 88, ஐந்தாம் வருடம் 36. முதலிரண்டு வருடம் ஒன்றும் ஆகாமல் இருப்பதைப் பார்த்து "நான் போடவே இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர்கள் இந்த மூன்றாவது எண்ணையும் பார்க்க வேண்டும். ஆனால் அதே ஆய்வில், சுவர்கள் பெரும்பாலும் முழுதாக இருந்த பற்களில் ஐந்து வருடத்துக்குப் பிறகும் 78 சதவீதம் நின்றன.

இவை பழைய சிகிச்சைப் பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேப் போடுகிறவர்களிடம் பணமும் பல்மேல் அக்கறையும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அதனாலும் எண்கள் சாயலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2015ல் இதே கேள்வியை அலசியபோது தகுதியான ஒரே ஒரு சோதனைதான் கிடைத்தது: 117 பேர், எல்லாம் முன்கடைவாய்ப்பற்கள், மூன்று வருடக் கணக்கு. அதில் கேப்புக்கும் ஃபில்லிங்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தங்கை விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டது அதனால்தான். அவள் பல்லில் மேலே ஓர் ஓட்டை மட்டும், ஓரச் சுவர்கள் இரண்டும் அப்படியே இருந்தன. அந்தப் பல்லைச் சுற்றிலும் செதுக்கிக் கேப் போடுவது நல்ல சுவரை வீணாக இடிப்பதாகும். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் அவளுக்கு இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

கேப்புக்கும் குறைகள் உண்டு. சுற்றிலும் செதுக்கிய பல் செதுக்கியதுதான், திரும்ப வளராது. கேப்பும் பல்லும் சேரும் விளிம்பில், ஈறோரத்தில், மறுபடி சொத்தை வரலாம். கேப்புக்குச் சொத்தை வராது, அதன் கீழிருக்கும் பல்லுக்கு வரும். ரூட் கேனாலில் பிரச்சினை திரும்பினால் கேப்பைத் துளைத்தோ கழற்றியோதான் உள்ளே போக முடியும். வலியோ வீக்கமோ இன்னும் மிச்சமிருந்தால் அது அடங்கிய பிறகே கேப் போடுவது நல்லது. அதற்காக ஆறப்போடவும் கூடாது: நான்கு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களின் பற்கள் பிடுங்கப்படும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2016ல் ஓர் ஆய்வு சொன்னது.

எந்தக் கேப் என்பதில் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வெறும் மெட்டல் கேப் மலிவு, உறுதி, பல்லையும் குறைவாகவே செதுக்க வேண்டியிருக்கும். வெள்ளியாய்ப் பளபளப்பதுதான் பலருக்குப் பிடிக்காது, கடைசிப் பல்லில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? உள்ளே மெட்டல், மேலே செராமிக் வைத்தது நடுத்தர விலை, செராமிக் சில்லுப் போகலாம், ஈறோரத்தில் கருங்கோடும் தெரியலாம். ஸிர்கோனியாவுக்குத் தரும் வாரண்டி அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் அது கேப்புக்கான வாரண்டி, பல்லுக்கானது அல்ல. மேடுகளை மட்டும் மூடும் ஆன்லே என்று ஒன்றும் இருக்கிறது, பல்லை அதிகம் இழக்காமல் அதே வேலையைச் செய்யும். எனக்குச் சுவர் மிச்சமில்லாததால் அந்தப் பேச்சே எழவில்லை.

ஒட்டுவதற்கு முன் நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். அவசரப்பட்டு "சரியா இருக்கு டாக்டர்" என்று தலையாட்டாதீர்கள். பக்கவாட்டில் அரைத்துப் பாருங்கள், மறுபக்கப் பற்கள் பழையபடி சேருகின்றனவா என்று பாருங்கள். என் கேப் முதலில் முடியளவுக்கு உயர்ந்திருந்தது. இரண்டு முறை தேய்த்த பிறகுதான் வாய் மூடியது போல இருந்தது. பழகிவிடும் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பக்கத்துப் பல்லோடு சேருமிடத்தில் பல்லிடுக்கு நூல் (ஃப்ளாஸ்) இறுக்கமாக இறங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இடைவெளி விட்டால் கீரையும் கறிநாரும் தினமும் போய் மாட்டிக்கொள்ளும்.

பணம்தான் தடை என்றால் மெட்டல் கேப்பைக் கேளுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செலவு வெகுவாகக் குறையும், கூட்டமும் அலைச்சலும் கூடும். அதற்கும் சில மாதம் ஆகும் என்றால், மெலிந்த மேடுகளைக் கொஞ்சம் தேய்த்துத் தாழ்த்தி, அவற்றையும் சேர்த்து மூடி ஃபில்லிங் வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை தட்டை, சீடை, எலும்புக்கறி எல்லாம் மறுபக்கம்.