ஒரே பாட்டில், இரண்டு அறைகளுக்கும் பில்: உல்லாசக் கப்பலில் ஒயின் வாங்குவோர் கவனத்துக்கு

உல்லாசக் கப்பலில் இரவு உணவோடு ஒயின் வாங்கி, மேசையில் உடன் இருப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் கையைவிட்டுப் போன பணம் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தப் பணத்தை முன்னிட்டு, எங்களிடம் அத்தனை அன்பாக இருந்த ஒரு முதிய தம்பதியை இரண்டு நாட்கள் நான் மனத்துக்குள் திருடர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

எங்கள் திருமண வெள்ளி விழாவுக்காக நானும் மனைவியும், என் தங்கையும் அவள் கணவருமாகச் சிங்கப்பூரிலிருந்து பார்சலோனா போய், அங்கே கப்பல் ஏறினோம். ஏழு இரவுப் பயணம். மார்செய், ஜெனோவா, ரோமுக்குப் போக இறங்கும் சிவிடவெக்கியா, பலெர்மோ என்று சுற்றிவிட்டு மறுபடி பார்சலோனாவுக்கே திரும்பும் வழி. உணவுக்கூடத்தில் ஆறு பேர் மேசை ஒன்றை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மீதி இரண்டு நாற்காலிகளில் போர்ச்சுகல் நாட்டுக் கணவனும் மனைவியும். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

ஒயின் யோசனையைச் சொன்னதே அந்தப் பெரியவர்தான். என் தங்கை மதுவைத் தொடமாட்டாள். மற்றவர்கள் ஐந்து பேர். ஒரு பாட்டிலில் 750 மில்லி இருக்கும். 150 மில்லி வீதம் ஊற்றினால் சரியாக ஐந்து கிளாஸ். ஆளுக்கொரு கிளாஸ் என்று தனித்தனியாக வாங்கினால் செலவு கூடும். “ஓர் இரவு நீங்கள் வாங்குங்கள், மறு இரவு நாங்கள் வாங்குகிறோம், கணக்கே பார்க்க வேண்டாம்” என்றார். கப்பலில் ஒரே மேசையில் உட்காருகிறவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்களாம். எங்களுக்கும் பிடித்திருந்தது.

இரண்டாம் இரவு எங்கள் முறை. பட்டியலில் கியாந்தி கிளாசிகோ ரிசர்வா 48 யூரோ என்று இருந்தது. அதற்கு மேல் வரியிலேயே வெறும் கியாந்தி 31 யூரோ. இரண்டுமே இத்தாலியின் டஸ்கனி ஒயின்கள்தான்; பெயரும் பாதி ஒன்றுதான். ஆனால் சரக்கு வேறு. கியாந்தி என்பது டஸ்கனியில் பரந்து கிடக்கும் பகுதிகளிலிருந்து வருவது. கியாந்தி கிளாசிகோ, ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவில் உள்ள பழைய மலைப்பகுதியிலிருந்து மட்டும் வருவது. அந்தப் பழைய பகுதியின் எல்லையை 1716ஆம் ஆண்டிலேயே, டஸ்கனியை ஆண்ட மெடிச்சி குடும்பத்துப் பிரபு மூன்றாம் கோசிமோ ஆணை போட்டு வரையறுத்திருக்கிறார். கிளாசிகோ என்றால் நூற்றுக்கு 80 பங்காவது சாஞ்சியோவேசே திராட்சை இருந்தாக வேண்டும். ரிசர்வா என்றால் குறைந்தது 24 மாதங்கள் முதிர வைத்த பிறகே விற்பனைக்கு விடலாம். விலை ஏறுவதற்குக் காரணம் இவைதான். பாட்டிலின் கழுத்திலோ பின்பக்க லேபிளிலோ கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும். சேவல் இல்லையென்றால் அது கிளாசிகோ இல்லை.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு தேடித் தேடிப் படித்தவை.

பரிமாறுபவர் பாட்டிலைத் திறந்தே கொண்டுவந்தார். வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றியிருந்ததால் லேபிள் தெரியவில்லை. நேராக கிளாஸ்களில் ஊற்றிவிட்டார். எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. கடைசியில் தோல் அட்டைக்குள் வைத்த பில்லை நீட்டினார். மங்கலான வெளிச்சம், கண்ணாடியை அறையில் விட்டிருந்தேன். டிப்ஸ் என்ற இடம் காலியாக இருந்தது. 5 யூரோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் வரியிலேயே 18 சதவீதச் சேவைக் கட்டணம், 8 யூரோ 64 சென்ட், ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஒரே வேலைக்கு இருமுறை கொடுத்திருக்கிறேன். பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் பானங்களின் விலையோடு இந்தக் கட்டணம் தானாகவே சேர்ந்துவிடும். காலியாக விட்ட வரியை நாம் நிரப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

என் மனைவி பாதிக் கிளாஸோடு நிறுத்திக்கொள்வாள் என்பதால் கொஞ்சம் மிஞ்சியது. பரிமாறுபவர் தக்கையை அடைத்து, பாட்டிலின் கழுத்தில் எங்கள் அறை எண்ணை எழுதிக் கட்டி, நாளை தருகிறேன் என்று எடுத்துப்போனார். இது பல கப்பல்களிலும் உள்ள நல்ல ஏற்பாடுதான். மிஞ்சிய ஒயினை அறைக்கே எடுத்துப்போகவும் கேட்கலாம். நான் கேட்காமல் விட்டேன். எங்கள் அறை எண் அவருடைய அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் இரவு அந்தத் தம்பதியின் முறை. அதே ரிசர்வாவைத்தான் அவர் கேட்டார். பாட்டில் மூடியபடி வந்தது. பெரியவர் அதைக் கையில் வாங்கி, லேபிளில் பெயரையும் ஆண்டையும் படித்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், தலையை அசைத்தார். பிறகுதான் அவர் கண்முன்னே தக்கை எடுக்கப்பட்டது. ஒரு வாய் ஊற்றித் தர, ருசி பார்த்துச் சரி என்ற பிறகே எங்களுக்கு ஊற்றினார்கள். நான் அதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பழகியவருக்குச் செய்யும் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன். காசு கொடுத்து வாங்கும் எவருக்கும் செய்ய வேண்டிய முறை அது என்று தோன்றவில்லை.

நான்காம் இரவு, எங்கள் வெள்ளி விழா நாள். ரோமில் நாள் முழுவதும் நடந்த களைப்பு. மறுபடி துணி சுற்றிய, திறந்த பாட்டில். “மாமா, நமக்கும் மூடிய பாட்டிலாகக் கொண்டுவரச் சொல்லலாமே” என்று மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், தமிழில் மெதுவாகச் சொன்னார். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று நான்தான் தடுத்தேன். உண்மைக் காரணம் கூச்சம். ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், பாட்டிலை வாங்கிப் பார்த்து என்ன சொல்லப்போகிறான் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். நம்மில் பலருக்கு இது இருக்கிறது. தயவுசெய்து இந்தக் கூச்சத்தைக் கப்பலுக்கு எடுத்துப்போகாதீர்கள். புடவைக் கடையில் நூறு புடவையைப் பிரிக்கச் சொல்லிப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. 48 யூரோ பாட்டிலின் லேபிளைப் பார்க்கக் கூச்சப்பட என்ன இருக்கிறது?

ஐந்தாம் இரவு அவர்கள் முறை, வழக்கம்போல் நடந்தது. சாப்பிட்டு அறைக்கு வந்து, கப்பலில் வாங்குவதெல்லாம் ஏறும் எங்கள் அறைக் கணக்கைத் தொலைக்காட்சியில் தற்செயலாகத் திறந்தேன். நான்கு இரவும் நான்கு ரிசர்வா. டிப்ஸ் நீங்கலாக ஒவ்வொன்றும் 56 யூரோ 64 சென்ட். நாங்கள் வாங்கியது இரண்டுதானே? எழுந்து உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். மூன்றாம் இரவும் ஐந்தாம் இரவும், அதாவது அவர்களுடைய இரவுகளில் குடித்ததும், எங்கள் தலையில் ஏறியிருந்தது.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். “கணக்கே பார்க்க வேண்டாம்” என்று அந்த மனிதர் ஏன் சொன்னார் என்று இப்போது புரிகிறது, எங்கள் அறை எண்ணைச் சொல்லியே வாங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். “என்னங்க, அவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முதலில் கவுண்டரில் போய்க் கேளுங்கள்” என்றாள் மனைவி. தங்கையோ, “குடித்த கணக்குக்காகப் போய் வரிசையில் நிற்கப்போகிறீர்களா அண்ணா, விட்டுத்தள்ளுங்கள்” என்றாள். அவளுக்கு அது மானப் பிரச்சினை. நான் இரண்டையும் செய்யவில்லை. ஆறாம், ஏழாம் இரவுகளில் மேல்தளத்து பஃபேயில் சாப்பிட்டோம். ஆறாம் இரவு அறைத் தொலைபேசியில் ஒரு தகவல் வந்திருந்தது. அந்த அம்மாள்தான். என் மனைவிக்குக் கடல் ஒவ்வாமையா, இஞ்சி மாத்திரை தன்னிடம் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு இறங்கும் வரிசையில் நின்றபோது பெரியவரே எங்களைத் தேடி வந்தார். கையில் கதவடியில் செருகப்பட்ட இறுதிக் கணக்கு; இன்னொரு கையில் பணப்பைக்குள் மடித்து வைத்திருந்த பில் நகல்கள். தயங்கித் தயங்கிக் கேட்டார்: “உங்கள் கணக்கிலும் நான்கு பாட்டில் இருக்கிறதா?” அவர் கணக்கிலும் நான்கு இருந்தது. நாங்கள் குடித்தது மொத்தமே நான்கு பாட்டில். அதை எட்டு பாட்டிலாக விற்றிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலும் வாங்கியவர் கையெழுத்தோடு ஓர் அறையிலும், கையெழுத்தே இல்லாமல் இன்னோர் அறையிலும் ஏறியிருக்கிறது. கப்பலில் பணத்துக்குப் பதில் நீட்டும் அறை அட்டையைத் தொடாமலே, அறை எண்ணைத் தட்டி ஏற்றிவிட முடிகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஒருமுறை நடந்தால் கைத்தவறு எனலாம். நான்கு இரவும் தவறாமல் நடந்ததை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இருவரும் கவுண்டருக்குப் போனோம். முன்னால் முப்பது பேராவது நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் பெரியவர் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: “இந்த பாட்டில்களுக்கு நாங்கள் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டுங்கள்.” அவர்களால் ஆளுக்கு இரண்டு சீட்டுதான் காட்ட முடிந்தது. நாற்பது நிமிடத்தில் எங்களுக்கு 113 யூரோ 28 சென்ட் திரும்ப ஏறியது. அவருக்கும் அதே தொகை. மன்னிப்பு என்ற சொல் மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

வரிசையில் நின்றபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. வெள்ளி விழா இரவில் எடுத்த படங்களை மனைவி அந்த அம்மாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் துணி நழுவி, பாட்டில் பாதி தெரிந்தது. பெரியவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். லேபிளில் கியாந்தி என்று மட்டும் இருந்தது. கிளாசிகோ இல்லை, ரிசர்வா இல்லை, கழுத்தில் சேவலும் இல்லை. எங்கள் இரவுகளில் ஒயின் இளைத்திருப்பது தமக்கு முன்பே தெரிந்தது என்றார். அடுத்தவர் அன்போடு வாங்கித் தருவதைக் குறை சொல்லக்கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டாராம். பார்த்து வாங்கியவருக்குச் சரியான பாட்டில், பார்க்காமல் வாங்கிய எங்களுக்கு 31 யூரோ சரக்கு. கவுண்டரில் படத்தைக் காட்டினேன். குடித்துவிட்டீர்கள், கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள், படத்தில் இருப்பது அந்த பாட்டில்தான் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். விலை வித்தியாசமும் அதன் மேல் சேவைக் கட்டணமுமாக 40 யூரோ 12 சென்ட், நானாக எழுதிக் கொடுத்த டிப்ஸ் 10 யூரோ. இவை வரவில்லை.

எனவே பாட்டிலை மூடியபடி உங்கள் முன் கொண்டுவந்து திறக்கச் சொல்லுங்கள். திறந்து வந்தால் திருப்பி அனுப்புங்கள். பட்டியலில் ஆண்டு போட்டிருந்தால் லேபிளிலும் அதே ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைப் படியுங்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பகிர்ந்து வாங்குவதாக இருந்தால் இன்றைய பாட்டில் எந்த அறைக்கு என்பதைப் பரிமாறுபவர் காதுபடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு இரவும் தூங்கப் போகும் முன் அறைக் கணக்கைத் திறந்து பாருங்கள். தவறு தெரிந்தால் அன்றைக்கே கவுண்டருக்குப் போங்கள். அந்த நேரத்தில் வரிசை இருக்காது, கூடத்தின் மேலாளரும் கப்பலிலேயே இருப்பார். இறங்கிவிட்டால் கதை வேறு. பல கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவானவை. ஐம்பது யூரோவுக்காக எந்த ஊர் நுகர்வோர் மன்றத்தின் படியை ஏறுவீர்கள்?

பல நிறுவனங்கள் ஏறும் நாளில் ஆளுக்கு ஒரு 750 மில்லி பாட்டில் கொண்டுவர அனுமதிக்கின்றன. அதை உணவுக்கூடத்துக்கு எடுத்துப்போனால் திறந்து தருவதற்கென்று தனிக் கட்டணம் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், முன்பே கேட்டுவிடுங்கள். நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டுக் குடிக்கும் பானத் திட்டம் ஒருவருக்கு மட்டும் உரியது. அந்த கிளாஸை அடுத்தவருக்குக் கொடுத்தால் தப்பு உங்கள் பக்கம் போய்விடும். அதில் பகிரும் பேச்சே வேண்டாம்.

பார்சலோனா துறைமுகத்தில் பெட்டிகளுக்காகக் காத்திருந்தபோது, இரண்டு இரவும் ஏன் வரவில்லை என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். பிறகு, இன்று காலை தம் கணக்கைப் பார்த்ததும் அரை நிமிடம் தாமும் எங்களைத்தான் நினைத்ததாகச் சொன்னார். அந்த அம்மாள் அதற்குள் இஞ்சி மாத்திரை டப்பாவை என் மனைவியின் கைப்பையில் வைத்துவிட்டிருந்தார்.