நாயை வெட்டிய பிரேம் கடை

அப்பாவுக்குக் கண்புரை ஒபரேஷன் முடிந்ததும் ஒரு படம் பிரேம் போட்டுக் கொடுக்க நினைத்தேன். இரபேல் வானதூதரின் கையைக் கோத்துக்கொண்டு தோபியா நடந்துபோகும் படம். மீனின் பித்தத்தால் தோபியாவின் தகப்பன் பார்வை பெற்ற வேதாகமக் கதை என்பதால்தான் இது. மூலப்படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1470களில் புளோரன்சில், ஓவியர் வெரோக்கியோவின் பட்டறையில் கீறியது. யார் கை என்பது இன்னும் முடிவாகவில்லை. மீனும் நாயும் அங்கே வேலை பழகிய லியொனார்டோ டா வின்சி கீறியவை என்று சொல்பவர்களும் உண்டு.

மட்டக்களப்பு டவுனில் அச்சடித்து பிரேமும் போட்டுத்தரும் கடையொன்றில் கொடுத்தேன். எல்லாமாக 4,800 ரூபாய். இரண்டு நாள் என்றார்கள், ஐந்து நாள் ஆனது. அது பரவாயில்லை. பிரித்துப் பார்த்தால் நாய் பாதிதான் இருக்கிறது! 84க்கு 66 சென்ரிமீற்றர் படத்தை 18க்கு 12 அங்குலத் தாளில் நிரப்புவதற்காக இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். வானதூதரின் சிறகும் போச்சு. யார் வெட்டியது என்று கேட்டால் முதலாளி பொடியனைப் பார்க்கிறார், பொடியன் கம்பியூட்டரைப் பார்க்கிறான். பட்டறை என்றாலே இப்படித்தான் போல.

சண்டை பிடிக்கவில்லை. மேலும் கீழும் வெள்ளை விட்டு முழுப்படமும் வரவேண்டும் என்று தாளில் கீறிக் காட்டினேன். காசு கேட்காமல் திரும்ப அடித்துத் தந்தார்கள். பிரேம் வேலையில் குறை சொல்ல முடியாது. நாலு மூலையிலும் நகம் போகாது. உப்புக் காற்றுக்குப் பின்பலகையைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார்கள், நான் சொல்லாமலே. ஆனால் கண்ணாடி மினுங்குகிறது. ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். அச்சடிக்க முதல் திரையில் காட்டச் சொல்லுங்கள், அவர்களாகக் காட்டமாட்டார்கள்.

அப்பா படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். முதலில் மீன். “காலை விழுங்க வந்த மீன் என்று வேதத்தில கிடக்கு. இது என்ன, மணலை மீனளவு?” அப்புறம் குனிந்து நாயைப் பார்த்தார். மூலப்படத்தில் நாயின் பூச்சு அவ்வளவு மெல்லியது. பின்னாலிருக்கும் நிலம் அதற்குள்ளால் தெரியும். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார், மற்றதை மூடிப் பார்த்தார்.

“நாய்க்குள்ளால தரை தெரியுது மனே. ஒபரேஷன் சரியாத்தான் செய்தவங்களோ?”