கர்ப்பகாலச் சர்க்கரை: மாத்திரையா, ஊசியா?

26-வது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு, எனக்கு 168. இரண்டு வாரம் சோற்றைக் குறைத்து, சாப்பிட்டதும் நடந்து பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு இறங்கிவிட்டது. வெறும் வயிற்றில் மட்டும் 95-க்குள் வராமல் 108-லேயே நின்றது. மெட்ஃபார்மின் மாத்திரையா, இன்சுலின் ஊசியா என்று டாக்டர் என்னிடமே கேட்டார். இன்சுலின் என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

விலை, வலி, வசதி மூன்றிலும் மாத்திரைதான் மேல். ஃபிரிட்ஜ் வேண்டாம், கல்யாண வீட்டில் ஊசி போட இடம் தேட வேண்டாம், உடம்பு எடையும் அவ்வளவு ஏறாது. குமட்டலும் வயிற்றுப்போக்கும் சிலரைப் படுத்தும் என்பார்கள். நான் மாத்திரை போட்டதில்லை. என் சித்தி மகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீர்க்கட்டிப் பிரச்சினைக்காகக் கரு தரிக்கும் முன்பிருந்தே மெட்ஃபார்மின் எடுத்தவள் அவள். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டதில் வயிறு பழகிவிட்டது, பிரசவம் வரை அதுவே போதுமாகவும் இருந்தது.

எனக்கு முடிவைச் சொன்னது நஞ்சுக்கொடி. குழந்தைக்குச் சர்க்கரை தடையில்லாமல் போய்ச் சேரட்டும் என்று அது சுரக்கும் லாக்டோஜன் முதலான ஹார்மோன்கள், தாயின் உடம்பில் இன்சுலினை மந்தமாக்குகின்றன. நஞ்சு வளர வளர அந்த மந்தமும் கூடும். இந்த வாரம் சரியாக இருக்கிற மருந்தளவு அடுத்த வாரம் போதாமல் போகலாம். மெட்ஃபார்மின் கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையைக் குறைக்கும், சரி. ஆனால் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம், மிஞ்சினால் 2,500. அதற்கு மேல் கூட்ட முடியாது. இன்சுலினில் அப்படி ஒரு முட்டுச்சுவர் இல்லை. இரவில் 6 யூனிட்டில் தொடங்கினேன். காலையில் மீட்டரில் வந்த எண்ணை டாக்டரிடம் சொல்லிச் சொல்லி, இரண்டிரண்டாகக் கூட்டி, 34-வது வாரத்தில் 20 யூனிட். வெறும் வயிற்று அளவு 90-ஐ ஒட்டியே நின்றது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 751 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. மெட்ஃபார்மினில் தொடங்கியவர்களில் 100-க்கு 46 பேருக்குப் பின்னால் இன்சுலினும் தேவைப்பட்டது. எப்படியும் ஊசிக்கு வர வேண்டியிருக்குமானால், நடுவில் சில வாரங்களை ஏன் விட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மறுபாதிக்கு மாத்திரையே போதுமாக இருந்ததையும், பிறந்த குழந்தைகளுக்கு வந்த சிக்கல்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததையும் மறைக்கக் கூடாது. சித்தி மகள் அந்த மறுபாதி.

இன்னொன்று: தாயின் சர்க்கரை நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். மெட்ஃபார்மினும் போகும். இன்சுலின் போகாது. மாத்திரையால் குழந்தைக்குக் கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. என் மனதுக்கு இது ஒரு நிம்மதி, அவ்வளவுதான்.

ஊசியிலும் தொல்லை உண்டு. ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்கு வியர்த்துக் கை நடுங்கியது, மீட்டரில் 62. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் தெளிந்தது. அன்றிலிருந்து தலைமாட்டில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டேன். அப்புறம், மருந்துக்கடையில் சிரிஞ்ச் வாங்கும்போது கவனம் வேண்டும்: 40 (ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்) என்று போட்ட இன்சுலின் குப்பிக்கு 40 என்று போட்ட சிரிஞ்ச்தான். மாற்றி வாங்கினால் அளவே தலைகீழாகிவிடும்.

பிரசவமாகி நஞ்சு வெளியே வந்ததும் அந்த ஹார்மோன்களும் போய்விட்டன. மறுநாள் காலை 84. ஊசியை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். மாத்திரை எடுத்த சித்தி மகளுக்கும் எனக்கும் அடுத்து வந்தது ஒரே வேலை: 6 வாரம் கழித்து மறுபடி 75 கிராம் குளுக்கோஸ்.