கச்சேரி பதிய எஸ்-விஎச்எஸ் டேப்பா, ஹை8 டேப்பா?

போன மாதம் பீரோவிலிருந்து பழைய டேப்புகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். கணினிக்கு மாற்றும் வேலை பல வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் வீடியோ கேசட் அளவில் 14 எஸ்-விஎச்எஸ். இன்னொரு பக்கம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஹை8, 61. இரண்டிலும் படம் கிடையாது. எட்டு ட்ராக் (தனித்தனி ஒலித் தடம்) டிஜிட்டல் ஒலி. அந்த 14-க்கும் 61-க்கும் நடுவில்தான் நான் எடுத்த முடிவு இருக்கிறது. பழைய இயந்திரம் வாங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், வீட்டில் டேப்பை வைத்துக்கொண்டு எதில் ஓட்டுவது என்று தவிப்பவர்கள், இரு தரப்பும் என்னிடம் கேட்பதால் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் தாண்டிவிடுவோம். அலெசிஸ் நிறுவனம் ஏடாட் என்ற ஒலிப்பதிவு இயந்திரத்தை 1991-ல் அறிவித்து 1992-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 3,995 டாலர். அதற்கு எஸ்-விஎச்எஸ் கேசட். அதற்குப் போட்டியான டாஸ்காம் நிறுவனத்தின் டிஏ-88 வந்தது 1993-ல். அதற்கு ஹை8 கேசட். அந்த முறைக்கு டிடிஆர்எஸ் என்று பெயர். ஆரம்ப மாடல்கள் இரண்டுமே எட்டு ட்ராக், 16 பிட். இரண்டிலுமே 16 இயந்திரம் வரை கோர்த்து 128 ட்ராக் ஆக்கலாம். ஒலித்தரத்தில் எது மேல் என்று சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் காதுக்கு மைக்கை எங்கே வைத்தோம் என்பதில் வருகிற வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த இரண்டுக்கும் நடுவில் இல்லை.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே விஷயம்: ஒரு டேப் எத்தனை நிமிடம் ஓடும் என்பது.

என் வேலை ஸ்டுடியோவுக்குள் சினிமாப் பாட்டு பதிவது இல்லை. மார்கழியில் சபா சபாவாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கச்சேரி பதிவது. எட்டு ட்ராக் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி: பாட்டு ஒன்று, வயலின் ஒன்று, மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்று இரண்டு, கடம் அல்லது கஞ்சிரா ஒன்று, தம்புரா ஒன்று, மிச்சம் இரண்டும் அரங்கத்துக்கு. கைதட்டலும் "பலே"யும் இல்லாமல் கச்சேரிப் பதிவு கிடையாது.

இதை ஏடாட்டில் பதிந்தால், 120 என்று போட்ட எஸ்-விஎச்எஸ் கேசட் 40 நிமிடத்துச் சொச்சம்தான் ஓடும். வீடியோ ஓடுகிற வேகத்தைப்போல மூன்று மடங்கு வேகத்தில் அந்த இயந்திரம் டேப்பை இழுக்கிறது. அதே 120 என்று போட்ட ஹை8 கேசட் டிடிஆர்எஸ் இயந்திரத்தில் 108 நிமிடம் ஓடும்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. கேசட்டின் மேல் இருக்கும் எண் வீடியோ நிமிடக் கணக்கு, அதுவும் அந்தந்த நாட்டு டிவி முறையைப் பொறுத்தது. நம்முடையது பால் (PAL) முறை. சென்னை ரிச்சி தெருவில் கல்யாண வீடியோக்காரர்களுக்காக விற்ற எஸ்-விஎச்எஸ் கேசட்டில் 180 என்று இருக்கும். மூன்றால் வகுத்து ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டு வாங்கிவிடுவோம். ஆனால் பால் முறையில் விஎச்எஸ் மெதுவாக ஓடுவதால், 180-க்கு உள்ளே இருக்கும் டேப் சுமார் 258 மீட்டர்தான். அமெரிக்க 120-ல் இருப்பது சுமார் 247 மீட்டர். ஆக நம் ஊர் 180-ம் ஏடாட்டில் 40 நிமிடத்துச் சொச்சம்தான் ஓடும். ஹை8-ல் இந்தக் குழப்பம் நமக்குச் சாதகமாகவே திரும்பியது. பால் முறையில் 90 என்று போட்ட கேசட்டிலும் அமெரிக்க முறையில் 120 என்று போட்டதிலும் டேப் ஏறக்குறைய ஒரே நீளம், 106 மீட்டர். 90 என்று பார்த்துப் பயந்து வாங்காமல் வந்தவர்களை எனக்குத் தெரியும். அதுவும் 108 நிமிடம் ஓடும். கேசட் வாங்கும்போது எண்ணைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள்.

40-க்கும் 108-க்கும் உள்ள வித்தியாசம், மூன்று முறை மாற்றுவதா ஒரு முறை மாற்றுவதா என்பது மட்டும் இல்லை. ஒரு பெரிய வித்வான் பிரதான ராகத்தை எடுத்தால் ஆலாபனை, வயலின், கிருதி, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாம் சேர்ந்து சாதாரணமாக 50 நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். 40 நிமிட டேப்பில் அந்த உருப்படியே அடங்காது. எவ்வளவு சாமர்த்தியமாகத் திட்டமிட்டாலும் நடுவில் எங்கோ வெட்டியே ஆக வேண்டும்.

எனக்கு அது நடந்தது. வேறொருவருடைய ஏடாட்டை வாடகைக்கு எடுத்துப் பதிந்துகொண்டிருந்தேன். பாடகர் கல்யாணி ராகத்தை எடுத்திருந்தார். நிரவல் இரண்டாம் காலத்துக்கு ஏறுகிற நேரம், டேப்பில் ஒன்றரை நிமிடம் மிச்சம். அவர் மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து நிறுத்தினேன். கேசட் வெளியே வந்து, அடுத்தது உள்ளே போய், டிரம்மில் (ஹெட் பொருத்திய சுழலும் உருளை) டேப் சுற்றிக்கொண்டு, எண் ஓட ஆரம்பிக்கக் கிட்டத்தட்ட அரை நிமிடம். அதற்குள் வயலின்காரர் அன்றைக்கு வாசித்ததிலேயே உயர்ந்த பதிலை வாசித்து முடித்துவிட்டார். பக்கத்தில் ஸ்டீரியோ டாட் (இரண்டு ட்ராக் மட்டும் பதியும் சின்ன டிஜிட்டல் டேப் இயந்திரம்) ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால் அந்த அரை நிமிடத்தை அதிலிருந்து ஒட்டினேன். இன்றைக்கும் கேட்டால் மிருதங்கம் திடீரென்று ஒரு சுவருக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பி வருவது தெரியும். இரண்டு ஏடாட் வைத்து மாற்றி மாற்றிப் பதிந்திருந்தால் இது நடந்திருக்காது. அப்படிச் செய்து நன்றாகப் பதிந்தவர்கள் உண்டு. ஆனால் இயந்திரம் இரண்டு, மைக் சிக்னலை இரண்டுக்கும் பிரிக்கிற வேலை வேறு. எனக்கு அந்த வசதி இல்லை.

அடுத்த வருடம் டிஏ-88 வாங்கினேன். அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். டேப் முடிகிற வரை காத்திருப்பதில்லை. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் முதல் 60, 65 நிமிடத்தில், பிரதான ராகத்துக்கு முன்னால் வரும் கைதட்டலில், கிட்டத்தட்டப் பாதி டேப் மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுவேன். பிரதானம், தனி, பல்லவி, துக்கடா, மங்களம் எல்லாம் இரண்டாவது கேசட்டில் தடையில்லாமல் விழும். எங்கே வெட்டுவது என்பதை டேப் சொல்லாமல் நான் சொல்ல முடிந்தது. மத்தியானக் கச்சேரிகள் ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் ஒரே கேசட் போதும்.

ஹை8 வாங்கினால் இன்னொரு தேர்வும் பண்ணியாக வேண்டும். எம்பி, எம்ஈ என்று இரண்டு வகை உண்டு. எம்பி என்றால் உலோகத் துகளைப் பசையில் குழைத்துப் பூசியது. எம்ஈ என்றால் வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கி மெல்லிய படலமாகப் படிய வைத்தது. வீடியோக்காரர்கள் எம்ஈ-யைத்தான் உசத்தி என்பார்கள், விலையும் கூட. ஆனால் அவர்கள் ஒரு முறை எடுத்து, இரண்டு முறை போட்டுப் பார்க்கிறவர்கள். நாம் ஒரே இடத்தை நூறு முறை முன்னும் பின்னும் உருட்டுகிறவர்கள். அந்த மெல்லிய படலம் உரசல் தாங்காது. ஒரு தனி ஆவர்த்தனத்தை மிக்ஸ் செய்ய எம்ஈ டேப்பில் இரண்டு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நாள் மோராவுக்கு (தனியை முடிக்கிற சொற்கட்டு) முந்தின இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த முறை ஓட்டினால் ஒரு கணம் மௌனம். ஒரே ஒரு கேசட் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், என் இயந்திரத்தின் ஹெட்டும் அப்போது புதிது இல்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு எம்பி தவிர வேறு எதையும் போடவில்லை. இந்த இயந்திரங்களுக்கென்றே சோனி 'டார்ஸ்' என்ற பெயரில் எம்பி கேசட் விற்றது. கிடைத்தபோதெல்லாம் அதைத்தான் வாங்கினேன்.

கையாளுவதில் ஹை8 நிறையப் பொறுமை கேட்கும். அதன் டேப் 10 மைக்ரான் கனம்தான், விஎச்எஸ்ஸில் பாதி. அதனால் சில பழக்கங்கள். புதுக் கேசட்டை ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றி, பிறகுதான் ஃபார்மட் (பதிவுக்கு முன் டேப்பில் இட அடையாளங்களைப் பதிப்பது). முழு டேப்பையும் முன்கூட்டியே ஃபார்மட் செய்துவிடுவேன். 108 நிமிட டேப்புக்கு 108 நிமிடமே ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். பதிந்துகொண்டே ஃபார்மட் செய்யவும் முடியும். ஆனால் கோணல் கேசட்டைக் கச்சேரியில் கண்டுபிடிப்பதைவிட முந்தின ராத்திரி வீட்டில் கண்டுபிடிப்பது மேல். பாட்டு இருக்கிற இடத்தில் கேசட்டை வெளியே தள்ளக் கூடாது. டிரம்மிலிருந்து டேப் கழன்று உள்ளே போகும் அந்த இடம்தான் அதிகம் கசங்கும். ஆரம்பத்துக்குச் சுற்றிவிட்டு எடுங்கள். ஏசி அறையிலிருந்து டிசம்பர் ஈரத்துக்குள் எடுத்துப்போனால் பெட்டியோடு ஒரு மணி நேரமாவது அப்படியே வையுங்கள். டிரம்மில் ஈரம் கோத்துவிட்டால் டேப் ஒட்டிக்கொள்ளும். பதிந்து முடித்ததும் அழியாமலிருக்கத் தாழ்ப்பாளை நகர்த்திவிடுங்கள். விஎச்எஸ் என்றால் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைக்க வேண்டும். இதெல்லாம் ஏடாட்டுக்கும் பொருந்தும், ஆனால் அரை அங்குல டேப் நம் தவறுகளை அதிகம் பொறுத்துக்கொள்ளும்.

ஏடாட்டுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்கிறேன். ஆறு நிமிடப் பாட்டு, ஸ்டுடியோவுக்குள் வேலை என்றால் 40 நிமிடம் தாராளம். என் முக்கியமான வாதம் அங்கே செல்லாது. பழைய கறுப்பு முகப்பு மாடலின் உள் இயக்கம் வீடியோ டெக்கைப் போன்றதுதான், ரப்பர் சக்கரம் தேய்ந்தால் விசிஆர் பழுது பார்த்தவரே மாற்றிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் ஆப்டிகல் இணைப்பு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. இப்போது கடையில் வாங்குகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்குள் ஒலியைக் கொண்டுபோகும் பெட்டி) பலவற்றில் ஏடாட் துளை இருக்கிறது. ஒரு கேபிளில் எட்டு ட்ராக்கும் அப்படியே டிஜிட்டலாக உள்ளே வந்துவிடும். டிடிஆர்எஸ் இயந்திரத்தின் டிடிஐஎஃப் என்ற 25 ஊசி இணைப்புக்குக் கன்வெர்ட்டர் தேடி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் ஏடாட்டில் சேர்ந்தாற்போல வேலை பார்த்தது இரண்டு வருடம்தான், அதுவும் இரவல் இயந்திரத்தில். பத்து வருடம் அதை வைத்துப் பிழைத்தவர் என் கணிப்பைத் திருத்தலாம்.

பீரோவில் டேப் வைத்திருப்பவர்களுக்கு: இயந்திரம் வாங்கும் முன் எத்தனை பிட்டில் பதிந்தது என்று லேபிளில் பாருங்கள். 20 பிட் ஏடாட் டேப்பும் 24 பிட் டிடிஆர்எஸ் டேப்பும் பழைய 16 பிட் இயந்திரத்தில் பாடாது. புதியதில் பழையது பாடும். கேசட்டின் ஜன்னலில் டார்ச் அடித்துச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருந்தால் அதை இயந்திரத்துக்குள் விடாதீர்கள். அந்தப் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்து வரும் நல்ல டேப்பையும் கெடுக்கும். என் 61-ல் ஆறு அப்படி இருந்தன, தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். 14 எஸ்-விஎச்எஸ்ஸில் மூன்று. மிச்சத்தில் எம்ஈ என்று போட்டிருப்பதை முதலில் எடுத்துவைத்து, ஒரே ஓட்டத்தில், நடுவில் நிறுத்தாமல், எட்டு ட்ராக்கையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி ஓடியது மோராவுக்கு முன் 'டிக்' என்று கேட்கும் அந்தக் கேசட். மௌனம் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது, பக்கத்தில் பரவவில்லை.